16 மணி நேரம் எரியும் விளக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

அறைக்குள் மைக்ரோகிரீன்ஸ், லெட்யூஸ், ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் செடியைப் பற்றியவை குறைவு. பிளக், டைமர், ட்ரிப் பற்றியவைதான் அதிகம். வீட்டு டியூப்லைட் மாலையில் நாலைந்து மணி நேரம் எரிந்து அணைந்துவிடும். செடிக்கு வெயிலுக்குப் பதிலாகப் போடும் க்ரோ லைட் தினமும் 14, 16 மணி நேரம் எரிகிறது, அதுவும் ஈரக்காற்றில். சாதாரண வயரிங்கில் பத்து வருடம் வெளியே தெரியாமல் இருக்கிற ஒரு லூஸ் கனெக்‌ஷன், இங்கே ஆறு மாதத்தில் கருகிவிடும்.

கேள்வி: 200 வாட் எல்.இ.டி. க்ரோ லைட் 6 வைத்திருக்கிறேன். மொத்தமே 5 ஆம்பியர் சொச்சம்தான். 16 ஆம்பியர் என்று அச்சிட்ட பிளக்-இன் டைமர் போட்டேன். மூன்றாவது மாதம் டைமர் 'ஆஃப்' என்று காட்டுகிறது, விளக்கு அணையவில்லை. டூப்ளிகேட் டைமரா? – வாசகர், கோவை

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் அசலுக்கும் இந்த லோடில் இதே கதிதான். உள்ளே இருக்கும் ரிலேயின் (தானாக இயங்கும் சின்ன சுவிட்ச்) இரண்டு காண்டாக்ட்களும் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக்கொண்டுவிட்டன.

எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். அதற்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போது அது காலி. சுவிட்ச் போட்ட கணத்தில் அதை நிரப்பக் கரன்ட் பாய்ந்து ஓடும். 200 வாட் அளவிலான டிரைவர் ஓடும்போது எடுப்பது 1 ஆம்பியர்கூட இல்லை. ஆன் ஆகும் அந்த ஒரு மில்லி செகண்டில் 50, 75 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறும் ஒரே நொடியில் ஆன் ஆனால் டைமரின் சின்ன ரிலேக்குத் தினமும் காலையில் ஒரு சிறு ஷார்ட் சர்க்யூட் மாதிரி. ஒவ்வொரு முறையும் காண்டாக்ட் முனை கொஞ்சம் உருகும், ஒருநாள் பிரியாது.

டைமரில் போட்டிருக்கும் 16 ஆம்பியர் ஹீட்டர், அயர்ன்பாக்ஸ் போன்ற லோடுக்கான கணக்கு. லேபிளை உற்றுப் பாருங்கள்: பல டைமர்களில் 16(2) என்று இருக்கும். அடைப்புக்குள் இருக்கும் 2 என்பது மோட்டார், சோக் வகை லோடுக்கு அது தாங்கும் அளவு. உங்கள் லோடு ஹீட்டரைவிட அந்த அடைப்புக்குறிக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது.

தட்டினால் ஒருவேளை காண்டாக்ட் பிரியும். அதை நம்பி மறுபடி போடாதீர்கள். டைமர் நேரத்தை மட்டும் பார்க்கட்டும், லோடைக் கன்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) சுமக்கட்டும். விளக்கு லோடுக்கு என்று தயாரிப்பாளர் அளவு கொடுத்திருக்கும் 25 ஆம்பியர் கன்டாக்டரைத் தேர்ந்தெடுங்கள். 5 ஆம்பியருக்கு 25 ஆம்பியரா என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். ஆறு விளக்கையும் மூன்று மூன்றாகப் பிரித்து, இரண்டாவது செட் 10 செகண்ட் கழித்து ஆன் ஆகும்படி ஒரு ஆன்-டிலே டைமர் சேர்த்தால் இன்னும் நல்லது. எம்.சி.பி. (கரன்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) 'சி' வகையாக இருக்கட்டும். 'பி' வகை தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே உடனடியாக விழும். 'சி' 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். விளக்கு போடும்போது மட்டும் எம்.சி.பி. விழுகிறது என்று எழுதியிருந்த மற்ற இருவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: மாடி அறையில் மைக்ரோகிரீன்ஸுக்கு 5 ரேக். ஒவ்வொன்றிலும் 4 தட்டு, தட்டுக்கு 20 வாட் டியூப் இரண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் முறையாக வயரிங் செய்ய என்னென்ன வேண்டும்? ஒயர்மேனிடம் என்ன சொல்ல வேண்டும்? – வாசகி, மதுரை

முதலில் கணக்கு. 40 டியூப், 800 வாட். 230 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். ஆனால் விலை குறைந்த டியூப்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.5 அளவில்தான் இருக்கும். அப்படியானால் வயரில் ஓடுவது 7 ஆம்பியர். பெட்டியில் பவர் ஃபேக்டர் 0.9-க்கு மேல் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை: இரண்டு போல் 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் துண்டிப்பது) ஒன்று, 10 ஆம்பியர் 'சி' எம்.சி.பி. இரண்டு, கன்ட்ரோலுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, 230 வோல்ட் காயில் உள்ள 25 ஆம்பியர் இரண்டு போல் மாடுலர் கன்டாக்டர், பேட்டரி பேக்கப் உள்ள டின் ரயில் டிஜிட்டல் டைமர், 'ஆட்டோ – ஆஃப் – மேனுவல்' செலக்டர் சுவிட்ச், இவை எல்லாம் அடங்க ஒரு டி.பி. பாக்ஸ். பாக்ஸ் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. உள்ளேதான் என்றால் ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் புகாத) பாக்ஸ், வயர் நுழைவது கீழ்ப்பக்கமாக, துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போட்டு.

மெயின் டி.பி.யிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்து அறை பிளக்கிலிருந்து எடுப்பது வேண்டாம். அந்த லைனும் ரேக்குக்குப் போகும் லைன்களும் 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், எர்த்தும் கூடவே வர வேண்டும். இந்த லோடுக்கு 1.5 போதுமே என்று ஒயர்மேன் சொன்னால் அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் 16 மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது பருமனான வயர் சூடாகாது. விலை வித்தியாசமும் சில நூறு ரூபாய்தான்.

இணைப்பு இப்படி: லைன் முதலில் ஆர்.சி.சி.பி.க்குள் போகும். அங்கிருந்து ஃபேஸ் மூன்று எம்.சி.பி.க்கும் பிரியும். 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றின் அவுட் கன்டாக்டரில் 1 என்று எண்ணிட்ட டெர்மினலுக்கும் மற்றதன் அவுட் 3-க்கும் போக, 2-லிருந்து முதல் இரண்டு ரேக்குக்கும் 4-லிருந்து மீதி மூன்று ரேக்குக்கும் ஃபேஸ் போகும். நியூட்ரல் ஆர்.சி.சி.பி.யின் அவுட்டிலிருந்து நேராக. 6 ஆம்பியர் எம்.சி.பி. டைமருக்குச் சப்ளை கொடுக்கும், டைமரின் அவுட் செலக்டர் வழியாகக் காயிலின் ஏ1-க்கு, ஏ2-க்கு நியூட்ரல். காயில் எடுப்பது சில வாட்தான், ஆகவே டைமருக்கு ஆயுசு கெட்டி. செலக்டர் 'மேனுவல்' எதற்கு என்றால், டைமர் படுத்துவிட்ட நாளில் செடி இருட்டில் கிடக்காமல் இருக்க.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விளக்கு எம்.சி.பி. இரண்டையும் அணைத்துவிட்டுப் பாக்ஸில் கை வைப்பார்கள். காயில் லைன் தனி எம்.சி.பி.யில் இருப்பதால் அங்கே இன்னும் 230 வோல்ட் இருக்கும். வேலை செய்யும்போது மெயின் டி.பி.யில் இந்த லைனையே அணைக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்த பின்தான் கை. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ரேக்கில் பிளக் பாயின்ட் மேல் தட்டுக்கும் மேலே சுவரில் இருக்கட்டும். ட்ரேயின் கீழே பிளக் வைத்தால் தண்ணீர் என்றாவது ஒருநாள் அங்கே வந்தே தீரும். விளக்கிலிருந்து வரும் வயர் நேராகப் பிளக்குக்குள் நுழையாமல், பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். ரேக் இரும்பென்றால் ஒவ்வொரு ரேக்குக்கும் பச்சை வயர் போல்ட் போட்டு எர்த்துடன் சேர்க்க வேண்டும், பெயின்டைச் சுரண்டிவிட்டு. டியூப்களை ஒன்றோடொன்று கோத்து மாட்டும் வகை என்றால், எத்தனை வரை கோக்கலாம் என்று டியூபிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் முதல் டியூபின் சின்ன கனெக்டர்தான் உருகும்.

ஒவ்வொரு ரேக்குக்கும் தனி சுவிட்ச் கேளுங்கள். விதைத்து முதல் மூன்று நான்கு நாள் ட்ரே மூடித்தான் இருக்கும். அந்த ரேக்குக்கு விளக்கு எதற்கு?

கேள்வி: காலை 5 மணிக்கு ஆன் ஆக வேண்டிய விளக்கு இப்போது 10 மணிக்கு ஆன் ஆகிறது. டைமரைத் திருத்தினேன், அடுத்த மாதம் மறுபடியும். – வாசகர், தஞ்சாவூர்

உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். காலை 9 முதல் 2 வரை என்றால் அந்த 5 மணி நேரம்தான் இது. பற்சக்கர டைமரில் பேட்டரி இல்லாத வகை, கரன்ட் இருந்தால்தான் சுற்றும். தடையின்போது நின்ற இடத்திலிருந்து பிறகு தொடரும். பேட்டரி பேக்கப் உள்ளதை வாங்குவதே தீர்வு. அதிலும் பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துவிடும், தேதி ஒட்டிவையுங்கள்.

இதே ரகத்தில் இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 240 வோல்ட் பற்சக்கர டைமர் இங்கே ஓடும், ஆனால் நேரம் தவறும். அதன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 10 நிமிடம், நாளுக்கு 4 மணி நேரம் பின்தங்கும். சரி செய்ய வழி கிடையாது.

கேள்வி: எப்போதும் விளக்கு ஆன் ஆகும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார். – வாசகி, சேலம்

கூடாது. ஈரக் கையோடு ட்ரே தூக்குகிற அறையில் உங்கள் உயிருக்கும் எர்த்துக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, சேர்ந்த கசிவு. எர்த் இணைப்பு உள்ள ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவரும் அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரன்ட் விடும், அரை மில்லி ஆம்பியர், சிலவற்றில் அதற்கும் மேல். அது பழுதல்ல. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆகவே நிரந்தரக் கசிவு 9 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்படி விளக்குகளைப் பிரிக்க வேண்டும். 25, 30 டிரைவர் ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் இரண்டு ஆர்.சி.பி.ஓ.வாக மாற்றுங்கள். ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாக இருப்பது.

இரண்டாவது, நியூட்ரல் கலப்பு. விளக்கின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் பாரில் மாட்டியிருப்பார்கள். போன கரன்ட் அதே வழியில் திரும்பாததால் லோடு வந்த கணமே விழும். டி.பி.யைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும்.

மூன்றாவது, ஈரம். எல்லா விளக்கையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள். நின்றால் பாதி விளக்கை மாட்டுங்கள், பிறகு மீதிப் பாதி. எந்தப் பாதியில் விழுகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஒரே விளக்கில் வந்து நின்றால் அது ஈரம் குடித்த விளக்கு. எதை மாட்டினாலும் விழாமல், எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுந்தால் முதல் காரணம்.

கேள்வி: பனிக்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டி பத்தையும் பேஸ்மென்ட்டில் வைத்து 100 வாட் க்ரோ லைட் நான்கு போடப்போகிறேன். 240 வோல்ட் அவுட்லெட் போட்டால் பில் பாதியாகும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? – வாசகர், நியூ ஜெர்சி

பில் பாதியாகாது. மீட்டர் அளப்பது வாட்டை. வோல்ட் இரட்டிப்பானால் ஆம்பியர் பாதியாகும், வாட் அப்படியேதான். உங்கள் 400 வாட்டுக்கு 120 வோல்ட்டில் 3.3 ஆம்பியர். சாதாரண 15 ஆம்பியர் சர்க்யூட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடுக்கு 80 சதவீதம், அதாவது 12 ஆம்பியர், 1,440 வாட் வரை இடம் இருக்கிறது. ஜி.எஃப்.சி.ஐ. (நம் ஆர்.சி.சி.பி. போலக் கசிவுக்கு விழுவது) உள்ள இப்போதைய அவுட்லெட்டே போதும். 240-க்குச் செலவழிக்காதீர்கள்.

640 வாட் விளக்கு நான்கு போடுகிற ஆளாக இருந்தால் கதை வேறு. 2,560 வாட், 120-ல் 21 ஆம்பியர், 240-ல் 10.7. அப்போது தேவைப்படுவது இரண்டு போல் 20 ஆம்பியர் பிரேக்கர், 12 கேஜ் காப்பர் வயர், நெமா 6-20 அவுட்லெட். அதில் நியூட்ரல் கிடையாது: இரண்டு ஹாட் (ஃபேஸ்), ஒரு கிரவுண்ட் (எர்த்). 12/2 கேபிளின் வெள்ளை வயர் இங்கே ஹாட்டாகப் போகிறது. இரண்டு முனையிலும் கறுப்பு அல்லது சிவப்பு டேப் சுற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து திறப்பவர் நியூட்ரல் என்று நினைத்துத் தொடுவார். டைமர் இரண்டு ஹாட்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரண்டு போல் வகையாக, 240 வோல்ட் மோட்டாரோடு இருக்க வேண்டும். ஒரு ஹாட்டை மட்டும் வெட்டும் டைமரில் விளக்கு அணையும், ஃபிக்ஸ்சரில் 120 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். 2020 பதிப்பு தேசிய மின் விதித்தொகுப்பு பேஸ்மென்ட்டில் 240 வோல்ட் அவுட்லெட்டுக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கேட்கிறது. டவுன்ஷிப் பெர்மிட் எடுத்தே செய்யுங்கள்.

டிரையர் அவுட்லெட்டில் அடாப்டர் போட்டு 15 ஆம்பியர் டைமரை மாட்டும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். அங்கே பிரேக்கர் 30 ஆம்பியர். டைமர் எரிந்து முடிந்த பிறகும் அது விழாது.

கேள்வி: பாலிஹவுஸில் கிரைசாந்திமத்துக்கு (சாமந்தி வகை) இரவு 10 முதல் 2 வரை விளக்கு. த்ரீ ஃபேஸ். ஒரே இரவில் ஒரு ஃபேஸில் இருந்த 14 விளக்கும் போய்விட்டன. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. – வாசகர், ஓசூர்

நியூட்ரல் போயிருக்கிறது. மூன்று ஃபேஸிலும் சிங்கிள் ஃபேஸ் விளக்கைப் பிரித்துப் போட்டிருக்கும்போது நியூட்ரல் அறுந்தால் ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை அவை தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கும் ஃபேஸுக்கு வோல்ட் எகிறும். 14 விளக்கு இருந்த ஃபேஸ் மற்ற இரண்டைவிட லேசாக இருந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். மற்ற ஃபேஸ்களில் விளக்கு அப்போது மங்கலாக எரிந்திருக்கும். பெரும்பாலான டிரைவர்கள் 277 முதல் 305 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

மீட்டர் பக்கமிருந்து ஒவ்வொரு நியூட்ரல் முனையையும் பாருங்கள். காப்பர் வயரையும் அலுமினிய வயரையும் நேராக முறுக்கிச் சேர்த்த இடம், லக் (வயர் முனையில் அழுத்தும் உலோக உறை) இல்லாமல் டெர்மினலில் சொருகிய இடம் இரண்டும் முதல் சந்தேகத்துக்குரியவை. நியூட்ரலில் ஃபியூஸ் இருந்தால் உடனே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேராக இணைக்கும் லிங்க் போடுங்கள். நியூட்ரல் வயரை ஃபேஸைவிட ஒல்லியாகப் போடும் பழைய பழக்கமும் இங்கே உதவாது. மூன்று ஃபேஸும் சமமாக இருந்தாலும் எல்.இ.டி. டிரைவர்களின் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) கரன்ட் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கூடும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் 270 வோல்ட் அளவில் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே வையுங்கள். எஸ்.பி.டி. (திடீர் வோல்ட் எழுச்சியைத் தடுப்பது) போட்டால் போதும் என்று சொல்வார்கள். அது மின்னல் அடிக்கும் மைக்ரோ செகண்டுக்கு. நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டில் எஸ்.பி.டி.யே வெடிக்கும்.

வயர் நீளத்தையும் கவனியுங்கள். ஒரு ஃபேஸில் 3 கிலோவாட், 50 மீட்டர் தூரம் என்றால் 13 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் லைனாக 2.5 சதுர மி.மீ.யில் போட்டால் சுமார் 9.6 வோல்ட், 4 சதவீதத்துக்கு மேல் விழும். 4 சதுர மி.மீ. போட்டால் 6 வோல்ட். விளக்குக்கு 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது.

இரவு விளக்கின் வேலை, செடி தழைக்கும் காலத்தில் மொட்டு கட்டாமல் தடுப்பது. அதற்குத் தொடர்ச்சியாக 4 மணி நேரம் எரிக்க வேண்டியதில்லை. 10 நிமிடம் ஆன், 20 நிமிடம் ஆஃப் என்ற சுழற்சியும் மொட்டு கட்டாமல் தடுக்கும், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஓர் இரவுக்கு 8 முறை ஆன் ஆவதால் இதை டைமர் ரிலேயில் நேராகச் செய்யாதீர்கள். பூ வரவழைக்கும் காலத்தில் கன்டாக்டர் ஒட்டிக்கொண்டால் விளைவு தலைகீழ்: விளக்கு அணையாது, செடி தழைத்துக்கொண்டே போகும், பூவைக் காணோம். அந்த வாரங்களில் எம்.சி.பி.யையே அணைத்துவையுங்கள்.

கேள்வி: 16 ஆம்பியர் பிளக் பின் பழுப்பு நிறமாகிவிட்டது. லோடு 9 ஆம்பியர்தான். – வாசகர், திருச்சி

சாக்கெட்டின் உள் பிடி தளர்ந்திருக்கிறது. பின்னைத் தேய்த்துப் போடுவதில் பயனில்லை. சாக்கெட், பிளக் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். வயர் முனையில் பின் லக் அழுத்தி, டெர்மினல் ஸ்க்ரூவை இறுக்கி, ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். 9 ஆம்பியர் நாள் முழுக்க ஓடுகிறதென்றால் பிளக்கே இல்லாமல் டெர்மினல் பாக்ஸில் நேராக இணைப்பதுதான் எங்கள் விருப்பம்.

கேள்வி: வைஃபை ஸ்மார்ட் பிளக் போதாதா? – வாசகி, புதுச்சேரி

ஒன்றிரண்டு விளக்குக்குப் போதும். கரன்ட் போய் வந்ததும் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று செயலியில் ஒரு செட்டிங் இருக்கும். அது 'ஆஃப்' என்றிருந்தால் மின்தடைக்குப் பிறகு விளக்கு அணைந்தே கிடக்கும். 'முந்தைய நிலை' என்று மாற்றுங்கள். அட்டவணை பிளக்கிலேயே பதிவாகிறதா, வைஃபை வந்தால்தான் ஓடுமா என்று ரூட்டரை ஒருநாள் அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 800 வாட், 16 மணி நேரம். வீட்டு இணைப்பில் பில் எவ்வளவு கூடும்? – வாசகர், ஈரோடு

நாளுக்கு 12.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 768. வீட்டு உபயோகத்தோடு சேரும்போது 500 யூனிட்டைத் தாண்டிவிடும், அதற்கு மேல் ஸ்லாப் விலை வேறு. மைக்ரோகிரீன்ஸுக்கு 12 மணி நேரமே போதும். 576 யூனிட் ஆகும். விளக்கு தின்னும் 800 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் மாறுகிறது, கால் டன் ஏ.சி.யின் வேலை அது. ஆகவே மாலை 6 முதல் காலை 6 வரை எரியவிடுங்கள். விற்பனைக்கு வளர்க்கிறீர்கள் என்றால் வீட்டுக் கட்டணத்தில் ஓட்டுவது விதிமீறல். பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரைப் பார்த்துத் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். விவசாய இலவச மின்சாரம் பம்ப்செட்டுக்கானது. அதிலிருந்து வயர் இழுக்க நினைக்கவே வேண்டாம்.